மீதித் தண்ணீர்

தேர்தலன்று காலையில் லலாமுக்குப் பாயைவிட்டு எழுந்திருக்கவே மனமில்லை. காய்ச்சல் என்று சொல்ல முடியாது. நிலக்கடலைக் கொல்லையில் களை பறித்த வலியும் இல்லை. ஊர் முழுக்கத் தன்னையே பார்க்கப்போகிறது என்ற நினைப்புதான் கைகாலைக் கட்டிப் போட்டிருந்தது. படுத்தபடியே ஜெபமாலையை உருட்டினாள். பாதியில் எந்த மணியில் இருக்கிறோம் என்பது மறந்துபோயிற்று. "நீயே பாத்துக்கோ, தாயே" என்று மாலையைத் தலைமாட்டில் வைத்துவிட்டாள்.

லகோரோ ஊரில் அவளை லலாம் என்று கூப்பிட ஆள் இல்லை. எல்லோருக்கும் அவள் ஒஜாராம்மா. ஒஜாரா அவளுடைய மூத்த மகன். சண்டைக் காலத்தில் ஊரே முகாமில் அடைந்து கிடந்தபோது, பழைய கொல்லையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி வரப் போனவன் சர்க்காரை எதிர்த்த காட்டுப் படையின் கையில் சிக்கிக்கொண்டான். அவனை அடித்துக் கொன்ற கூட்டத்தில், தடியைக் கையில் திணித்து அடிக்கச் சொல்லப்பட்டவன் ஒலான்யா. அவனும் இதே லகோரோ பிள்ளைதான். அதற்கு முந்தைய மழையில் பள்ளிக்கூடத்திலிருந்து கடத்திக்கொண்டு போகப்பட்டவன். அப்போது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை.

செத்த பிள்ளையின் பேரைச் சொல்லித்தான் இன்றுவரை அவளை நலம் விசாரிக்கிறார்கள், உப்புக் கடன் கேட்கிறார்கள், பூசைக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே நின்று குரல் கொடுக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. மூத்த பிள்ளையின் பேரால் தாயை அழைப்பதுதான் மரியாதை.

சண்டை ஓய்ந்து சனங்கள் முகாமிலிருந்து திரும்பிய பிறகு ஒலான்யாவும் வந்துசேர்ந்தான். வெளியே பட்ட தீட்டுக் கழிய வாசலில் வைத்த முட்டையை மிதித்துவிட்டுத் தாய்வீட்டுக்குள் போனான். சில வருஷங்கள் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் இரண்டு குலத்துப் பெரியவர்களையும் தானே போய்க் கூட்டிவந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஒஜாராவை அடித்ததில் தன் கையும் உண்டு என்று சொன்னான். யாரும் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

உண்மையைச் சொன்ன அன்றிலிருந்துதான் கட்டு விழுந்தது. லலாம் வாழ்க்கைப்பட்டது பலாமோ குலம், ஒலான்யா பதீரோ குலம். கொலை தெரியவந்துவிட்டால், இரண்டு குலமும் மண்டியிட்டுக் கசப்பு வேர் கலக்கிய தண்ணீரை ஒரே குடுக்கையில் குடிக்கும்வரை, ஒரு சட்டியில் தின்னக் கூடாது, ஒரு பாத்திரத்தில் குடிக்கக் கூடாது, ஒருவர் கைத் தண்ணீரை மற்றவர் வாங்கக் கூடாது. மீறினால் அது கிர். கிர் என்றால் சும்மா இல்லை. இரண்டு வீட்டுக் குழந்தைகளையும் அது நோயாக வந்து பிடிக்கும். அதனால் ஊரின் ஒரே அடிபம்பில் காலையில் பலாமோ பெண்கள், மதியத்துக்கு மேல் பதீரோ பெண்கள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். கசப்பு வேர் குடிக்கிற நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. லலாமின் கொழுந்தன் ஒக்வேராதான் பலாமோ குலத்துக்குப் பெரியவர். ஈடாகப் பதீரோ தருவதாகச் சொன்ன மாடுகள் மெலிந்தவை என்று ஒரு வருஷம், மழை தப்பிவிட்டது என்று இன்னொரு வருஷம், அவர் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதற்கு நடுவே சமாதானம் பேசுகிறவர்கள் வந்துபோனார்கள். வெள்ளை வண்டியில் வருவார்கள், பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள், சோடாவும் பன்னும் கொடுப்பார்கள், கடைசியில் எல்லோரும் லலாமைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா, நீங்கள் மன்னித்துவிட்டீர்களா? ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று அவள் சொல்வாள். அதை எழுதிக்கொள்வார்கள். அவர்கள் நல்லவர்கள்தான். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழக்கூடச் செய்தாள். ஆனால் ஒரே புண்ணை ஆளாளுக்கு வந்து தொட்டுப் பார்த்தால், கை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வலிக்காமல் இருக்குமா? இந்த ஊரின் சமாதானம் முழுவதும் தன் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று எல்லோரும் காத்திருப்பது அவளுக்குச் சலித்துப்போயிற்று. அவளிடம் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. கோபம்கூட இல்லை.

இப்போது தேர்தல். பதினேழு வருஷத்துக்குப் பிறகு ஊர்த் தலைவருக்கு ஓட்டு. நிற்பது இரண்டே பேர். மாவு மில் வைத்திருக்கும் நியெக்கோ, பிறகு ஒலான்யா. அடிபம்பு பழுதானால் எண்ணெய்க் கையோடு கிடந்து சரிசெய்கிறவன், கொல்லை எல்லைத் தகராறில் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்கிறவன் என்று இளவட்டங்கள் அவனை நிறுத்தியிருந்தார்கள். பெட்டி, சீட்டு எதுவும் கிடையாது. யாருக்கு ஓட்டோ அவர் பின்னால் போய் வரிசையில் நிற்கவேண்டும், தலையை எண்ணுவார்கள். அதுதான் இந்த ஓட்டில் வினை. யார் யாருக்குப் போட்டார்கள் என்று வெயிலில் நின்று ஊரே பார்க்கும்.

ஒக்வேரா காலையிலேயே வந்து, நம் ஆட்கள் எல்லோரும் நியெக்கோ பின்னால்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கசப்பு வேர் குடிக்காமல் ஒலான்யாவின் முதுகுக்குப் பின்னால் பலாமோ நின்றால் செத்தவனுக்கே அவமானம் என்றார். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது சுலபம்.

பக்கத்து வீட்டு அடோச்சும் பலாமோவுக்கு வாழ்க்கைப்பட்டவள்தான். அவள் வந்து எழுப்பியிராவிட்டால் லலாம் போயிருக்கவே மாட்டாள்.

"எந்திரி, ஒஜாராம்மா. ஓட்டுப் போடலேன்னா ஒக்வேரா உன்னை விடமாட்டாரு. போட்டா மத்தவங்க விடமாட்டாங்க. எப்படியும் திட்டுதான். வெளிய வந்து காத்து வாங்கிக்கயேன்."

"நான் எங்கயாவது ஓரமா நிக்கிறேன், அடோச். யார் கண்ணுலயும் படாம."

"நீயா? நீ தும்மினாலே கூட்டம் போட்டு என்ன அர்த்தம்னு பேசுறாங்க."

லலாம் சிரித்துவிட்டாள். ஒன்றும் சாப்பிடாமல் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஷியா மரத்தடியில் தண்ணீர்ப் பானைகூட இரண்டு வைத்திருந்தார்கள், குலத்துக்கு ஒன்றாக. ஓட்டு நடத்த வந்தவள் அமோங்கின் என்ற சின்னப் பெண். கிழக்கே தேசோ பக்கத்துக்காரி, இந்த ஊர்க் கட்டுப்பாடு எதுவும் தெரியாதவள். வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டதால் உச்சி வெயிலில்தான் வந்துசேர்ந்தாள். வந்ததும் சட்டம் சொன்னாள். வேட்பாளர் இருவரும் முன்னால் பார்த்தபடி நிற்கவேண்டும், பின்னால் யார் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இடையில் யாரும் புகாமல் இருக்க. எண்ணி முடியும்வரை தோளை விட்டால் அந்தத் தலை கணக்கில் இல்லை. வேட்பாளர் நகர்ந்தால் அவர் வரிசையே இல்லை.

நியெக்கோவின் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. மைதானம் போதவில்லை. அமோங்கின் வால்பகுதியை வளைத்து மறுபடி முன்பக்கமாகவே கொண்டுவந்து நிறுத்தினாள். ஒலான்யாவின் பின்னால் பதீரோ ஆட்களும் சில இளவட்டங்களும் மட்டும். பலாமோ தலை ஒன்றுகூட இல்லை. ஆனால் பலாமோ இளவட்டங்கள் சிலர் இரண்டு வரிசைக்கும் நடுவில், செருப்பைத் தேய்த்துக்கொண்டு, லலாமையே பார்த்தபடி நின்றார்கள். அவள் எங்கே போகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் கால் நகரும்.

லலாம் யாரையும் பார்க்காமல் நியெக்கோ வரிசையின் கடைசியில் போய் நின்று அடோச்சின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நின்ற பிறகுதான் தெரிந்தது, வளைந்து வந்த வால் ஒலான்யா நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து முடிந்திருக்கிறது. அவன் காது தெரிந்தது. காதுக்குக் கீழே காட்டில் வாங்கிய ஒரு தழும்பு தெரிந்தது. நடுவில் நின்ற பிள்ளைகளும் பெருமூச்சு விட்டு அவளுக்குப் பின்னால் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். தன் தோளில் விழுந்த அந்தக் கையின் பாரம் அவளுக்குப் பெரிய சுமையாக இருந்தது.

அமோங்கின் எண்ணத் தொடங்கினாள். வெயில் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. லலாமின் காதுக்குள் ஏதோ இரைந்தது. மரம் வெளுத்துப்போயிற்று. தோளைப் பிடித்திருந்த விரல்கள் தானாகவே விட்டன. அவள் பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள்.

அடோச் அலறினாள். ஆனால் அவளும் கையை எடுக்கவில்லை. பின்னால் நின்ற பையனும் எடுக்கவில்லை, தோள் இல்லாத வெறும் காற்றைப் பிடித்தபடி நின்றான். விட்டால் கணக்கில் இல்லை என்று சொல்லியிருந்தார்களே. பதினேழு வருஷம் காத்திருந்து கிடைத்த ஓட்டு. எண்ணி முடித்துவிட்டு ஓடலாம், இதோ முடிந்துவிடும் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். கெட்ட மனசு யாருக்கும் இல்லை. ஆனாலும் ஒரு கிழவி வெயிலில் கிடந்தாள், ஊர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒலான்யா திரும்பிவிட்டான். இரண்டே எட்டில் மரத்தடிக்குப் போய்க் கைக்குக் கிடைத்த குடுக்கையைப் பானையில் முக்கி எடுத்தான். அவள் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தூக்கி, வாயில் வைத்தான்.

தண்ணீர் உள்ளே இறங்கியது. லலாமுக்கு முதலில் தெரிந்தது அதன் குளிர்ச்சி மட்டும்தான். பிறகு கண்ணைத் திறந்தாள். முகத்துக்கு நேரே அந்தத் தழும்பு. அவள் அவனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பிறகு அவள் தன் கையால் குடுக்கையைப் பிடித்துச் சாய்த்து, மீதித் தண்ணீரையும் குடித்தாள்.

எல்லாம் ஒரு மூச்சு நேரம்தான். அவன் முதுகு மறைத்திருந்ததால் வேறு யார் கண்ணிலும் படவில்லை.

"கிர்," என்றார் ஒக்வேரா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தச் சொல் வரிசை வரிசையாகப் போயிற்று. எதற்கும் விடாத கைகள் இப்போது தோள்களை விட்டன. ஒலான்யாவின் வரிசை, நிற்க முன்னால் ஆள் இல்லாமல், ஏற்கெனவே கலைந்துபோயிருந்தது.

அமோங்கினுக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொடுத்தது ஒரு குற்றமா என்று கேட்டாள். யாரோ அவளை ஓரமாக அழைத்துப்போய் விளக்கிச் சொன்னார்கள். அவள் தலையைச் சொறிந்துகொண்டாள். சட்டப்படி ஒலான்யா நகர்ந்துவிட்டான், நியெக்கோ ஜெயித்தார் என்று அறிவித்தாள். யாரும் கை தட்டவில்லை. நியெக்கோ தனக்காகப் போட்டிருந்த நாற்காலியைத் தானே தூக்கிவந்து, லலாம் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். லலாமுக்கு உட்காரத் தெம்பில்லை. அடோச் தன் மேல்துணியை விரித்து அவளை மரநிழலில் படுக்கவைத்தாள்.

ஓட்டைப் பற்றி இப்போது யாருக்கும் கவலையில்லை. கிர் காத்திருக்காது. பொழுது சாய்வதற்குள் இரண்டு குலத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, தவறு யாருடையது என்று தீர்த்து, கழிப்பு செய்தாக வேண்டும். அவன் கொடுத்ததை அவள் அறியாமல் குடித்திருந்தால் முழுத் தவறும் அவனுடையது. பதீரோ குலம் காளை கொடுக்க வேண்டும், அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். அதன்பிறகு கசப்பு வேரைப் பற்றிப் பேச்சே கிடையாது. அறிந்து குடித்திருந்தால் இரண்டு வீடும் ஆளுக்கொரு ஆடு கொடுத்து, இருவரையும் சேர்த்தே கழுவவேண்டும்.

ஒலான்யா வெயிலில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். ஒக்வேரா அவனைக் கேட்டார்.

"உனக்குக் கட்டு தெரியாதா?"

"தெரியும், ஐயா."

"அப்புறம்?"

"மறந்துட்டேன். அம்மா விழுந்ததுதான் தெரிஞ்சுது. நான் யாருங்கிறது அப்போ ஞாபகத்துல இல்ல."

"ஞாபகம் இல்லையாம். எத்தனை வருஷம் ஆனாலும் எங்களுக்கு இருக்கே, உனக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

அவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கண் திறந்து பார்த்தார் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை லலாம் கவனித்தாள்.

பிறகு ஒக்வேரா அவள் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அண்ணன் போன பிறகு அவள் கூரைக்குப் புல் வேய்ந்து கொடுக்கிறவர் அவர்தான்.

"அண்ணி, நீங்க மயக்கத்துல இருந்தீங்க. பாக்காமத்தான குடிச்சீங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நான் பாத்துக்கறேன்."

மறுபடியும் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். வெள்ளை வண்டிக்காரர்கள் பார்த்த அதே பார்வை. ஆமாம் என்றால் யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். கண்ணை மூடித் தூங்கிவிடலாம். அவளுக்குத் தூக்கம் வேண்டியிருந்தது.

ஆனால் அந்த இரண்டாவது வாய் அவள் தொண்டையில் இன்னும் குளிர்ந்துகொண்டிருந்தது. பார்த்தபிறகும் ஏன் குடித்தாள்? தாகம். வேறு பெரிய பேர் எதையும் அதற்கு வைக்க அவளுக்குத் தெரியவில்லை. மன்னிப்பு என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் கழுத்துக்குக் கீழே கொடுத்த அந்தக் கை, குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல விரல்களை விரித்துத் தாங்கியிருந்தது. தடியைப் பிடித்த கையும் அதுதான். இரண்டும் ஒரே கையா என்று அவள் ஆண்டவரைக் கேட்டாள். தண்ணீர் கொடுத்தது நடந்தது, குடித்தது நடந்தது. அதை நடக்கவில்லை என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

"முதல் வாய் பாக்காமக் குடிச்சேன், ஒக்வேரா," என்றாள். "அப்புறம் கண்ணைத் தெறந்தேன். யார் குடுக்கறாங்கன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் மீதியக் குடிச்சேன்."

"அண்ணி, நல்லா யோசிச்சு..."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? குடுக்கைய நானே பிடிச்சு சாய்ச்சேன். என் பங்கு ஆட்ட நான் தர்றேன். கறுப்பு ஆடு ஒண்ணு கட்டியிருக்கேன், அத அவுத்துட்டு வரச் சொல்லுங்க."

செத்தவன் உங்கள் பிள்ளை என்று சொல்ல ஒக்வேரா வாயெடுத்ததுபோல இருந்தது. சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரியவர்களுக்கு நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தார். ஆட்டை அவிழ்த்துவர யாரோ ஓடினார்கள்.

பலாமோ ஒரு பக்கம், பதீரோ ஒரு பக்கம் என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். எந்த ஆட்டை முதலில் வெட்டுவது, யார் வெட்டுவது, குடல் யாருக்கு என்று பேச்சு போயிற்று. ஒரு பதீரோ கிழவர், கழிப்பென்று ஆடு வெட்டி இரண்டு வீட்டையும் சேர்த்துக் கழுவிவிட்டு, நாளைக்கு மறுபடி தனித்தனியாகத் தண்ணீர் குடிப்போமா, அதற்குக் கசப்பு வேருக்கும் ஒரு நாள் குறித்துவிடலாமே என்று முணுமுணுத்தார். ஒக்வேரா மாடுகள் மெலிந்தவை என்றார். மழை பெய்திருக்கிறதே, வந்து பாரேன், கொழுத்திருக்கின்றன என்றார் கிழவர். வருகிறேன், நேரில் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார் ஒக்வேரா. இத்தனை வருஷத்தில் அவர் பதீரோ வீட்டு வாசலுக்கு வருகிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதை அவரே கவனித்ததாகத் தெரியவில்லை.

அடோச் லலாமின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமல் நின்ற வெட்கத்தில் லலாமின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"ஓரமா நிக்கிறேன்னு சொன்னியே. இதுதான் உன் ஓரமா?"

லலாம் உள்ளுக்குள் சிரித்தாள், அது உதடுவரை வரவில்லை. கண் செருகிக்கொண்டு வந்தது. குடலைப் பற்றிய சண்டை காதில் தூரமாகக் கேட்டது. சாகிறதைப் பற்றி இல்லாமல் தின்கிறதைப் பற்றி இரண்டு குலமும் அடித்துக்கொள்வதைக் கேட்க அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. தூங்கிவிடுவதற்கு முன் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஒலான்யா இன்னும் அங்கேயே, அந்த வெயிலிலேயே மண்டியிட்டிருந்தான். தோற்றவனை யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"அடோச்."

"சொல்லு."

"அவன நெழல்ல வந்து உக்காரச் சொல்லு. எடம் இருக்கு."

அடோச் பெரியவர்களைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு எழுந்து போனாள்.